துடியும் அணங்கும் மனாவும்: வைகைச் சமவெளியில் தெய்வ ஆற்றல் பற்றிய கருத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

1. பொருளும் எல்லையும்

உடல் வலிமைக்கும் கருவியின் திறனுக்கும் அப்பால், மனிதரிடத்தும் கல்லிலும் மரத்திலும் நீரிலும் சொல்லிலும் தங்கி நின்று, ஒரு செயலைப் பலிக்கச் செய்யவும் கெடுக்கவும் வல்லதோர் ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை உலகின் பல சமூகங்களில் காணப்படுகிறது. பசிபிக் பெருங்கடல் தீவுகளின் பாலினேசியரும் மெலனேசியரும் அதனை ‘மனா’ என்கின்றனர். வட அமெரிக்காவின் இரோக்குவா மக்களிடம் ‘ஒரெண்டா’, அல்கோன்கிய மொழி பேசுவோரிடம் ‘மனிட்டு’, சூ மக்களிடம் ‘வக்கான்’ என்னும் சொற்கள் இதற்கு நெருங்கிய பொருளில் வழங்குகின்றன. இஸ்லாமிய உலகில், இறைவனிடமிருந்து இறைநேசர் வழியாகப் பெருகி வந்து வீட்டிலும் விளைச்சலிலும் தங்குவதாகக் கருதப்படும் நற்பேறு ‘பரக்கத்’ எனப்படுகிறது. தமிழ் முஸ்லிம்களின் அன்றாடப் பேச்சில் வேரூன்றிய சொல் அது. இவை அனைத்தும் ஒரே கருத்தின் வெவ்வேறு பெயர்கள் என்று கொள்வது பிழையாகும். ஆயினும் இவற்றை அருகருகே வைத்து ஆராய்வதால் ஒவ்வொன்றின் தனித்தன்மையும் தெளிவு பெறும்.

தமிழில் இத்தகைய ஆற்றலைக் குறிக்கும் பழஞ்சொல் ‘அணங்கு’. சங்கப் பாடல்களில் மலை, கடல், மரம், முரசு, அரசன், இளம்பெண் எனப் பலவற்றோடும் சேர்ந்து வரும் இச்சொல், இன்றைய பேச்சு வழக்கில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால், அச்சொல் சுட்டிய அனுபவம் மறையவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு தெய்வத்தைப் பற்றிப் பேசுவோர் ‘துடியான சாமி’ என்று சொல்வதுண்டு. வேண்டியதைத் தாமதமின்றி நடத்திக் கொடுப்பதும், முறை தவறியவரை உடனே தண்டிப்பதுமாகிய விழிப்பு நிலையில் இருக்கும் தெய்வமே துடியான தெய்வம் ஆகும். சமயநல்லூரையும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியையும் களமாகக் கொண்டு, அப்பகுதியின் வழிபாட்டைச் சான்றாக வைத்து, பழைய அணங்கையும் இன்றைய துடியையும் பசிபிக் தீவுகளின் மனாவோடு ஒப்புநோக்குவது இச்சொற்பொழிவின் நோக்கம். தெய்வ ஆற்றல் என்பது ஒரு பொருளுக்குள் அடைத்து வைக்கப்பட்ட சரக்கு அன்று, மக்களும் தெய்வமும் நிலமும் ஒருவருக்கொருவர் செய்யும் கடமையில் விளைவது என்பதே இங்கு நிறுவப்பெறும் கருத்து.

2. மனா: ஓர் ஆய்வுக் கருத்தின் வரலாறு

மனா என்னும் சொல்லை ஐரோப்பிய ஆய்வுலகம் அறியச் செய்தவர் மெலனேசிய மறைப்பணியில் ஈடுபட்டிருந்த ராபர்ட் ஹென்றி காட்ரிங்டன். அவர் எழுதிய கடிதம் ஒன்றின் வாயிலாக மாக்ஸ் முல்லர் 1878-இல் தம் சமயவியல் சொற்பொழிவுகளில் இச்சொல்லை எடுத்தாண்டார். காட்ரிங்டனின் ‘மெலனேசியர்’ என்னும் நூல் 1891-இல் வெளிவந்தது. விந்தையான வடிவுடைய கல் ஒன்றைக் கண்டெடுப்பவர் அதனைத் தம் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தில் புதைத்து வைப்பார் என்றும், விளைச்சல் பெருகினால் அக்கல்லுக்கு மனா உண்டு என்பது உறுதிப்படும் என்றும் அந்நூல் விளக்குகிறது. கல்லின் ஆற்றல் அதன் தோற்றத்தால் ஐயுறப்பட்டு, விளைச்சலால் மெய்ப்பிக்கப்படுகிறது என்பது இங்குக் கருதத்தக்கது.

அடுத்து வந்த அறிஞர்கள் இந்த எளிய செய்தியின் மேல் பெரிய கோட்பாடுகளை எழுப்பினர். ஆவிகளை நம்புவதற்கும் முற்பட்ட சமயநிலை ஒன்று இருந்தது என்று கருதிய மாரெட், அதன் அடிப்படை மனாவே என்றார். உபேரும் மோசும் மந்திரத்தைப் பற்றிய தம் பொதுக்கோட்பாட்டில் மனாவுக்கு நடு இடம் தந்தனர். 1912-இல் வெளிவந்த தம் நூலில் துர்க்கைம், ஒரு சமூகம் தன் கூட்டு வலிமையைத் தனக்குப் புறத்தே நிற்கும் தெய்விக ஆற்றலாக உணர்கிறது என்று விளக்கினார். இவர்களின் எழுத்தில் மனா மின்சாரத்தைப் போல எங்கும் பரவி, பொருளுக்குப் பொருள் பாய்ந்து செல்லும் ஒன்றாக உருப்பெற்றது.

தீவுகளில் தங்கி அம்மக்களின் மொழியைக் கற்றவர்கள் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. 1928, 1929 ஆண்டுகளில் திக்கோப்பியா என்னும் சிறு தீவில் களப்பணி செய்த ரேமண்ட் ஃபர்த், 1940-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முக்கியமான செய்தியைப் பதிவு செய்தார். மனா என்றால் என்ன என்று கேட்டபோது அத்தீவினர் மழை பெய்ததையும், மரங்கள் காய்த்ததையும், மீன் கரைக்கு வந்ததையும், நோய் நீங்கியதையுமே விடையாகச் சுட்டினர். அவர்களுக்கு மனா என்பது பலிப்பிலிருந்து பிரித்துப் பேசத்தக்க தனிப்பொருளாக இருக்கவில்லை. சாலமன் தீவுகளின் குவாயோ மக்களிடையே ஆய்வு செய்த ரோஜர் கீசிங், 1984-இல் இதே திசையில் மேலும் சென்று, பெரும்பாலான தீவு மொழிகளில் மனா ‘பலித்தல்’, ‘பயன் தருதல்’ என்னும் நிலையையே குறிக்கிறது என்றும், அதனைப் பரவித் திரியும் பொருளாக ஆக்கியவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களே என்றும் வாதிட்டார்.

பாலினேசியாவின் பெரிய தலைமையரசுகளில் நிலைமை ஓரளவு வேறுபட்டது. அங்குத் தலைவரின் மனா மூதாதையர் வழியாக மூத்த பிள்ளைக்கு இறங்குவதாகக் கருதப்பட்டது. அதனைக் காப்பதற்காகத் தலைவரின் உடலையும் உணவையும் உடைமையையும் பிறர் தீண்டுவது விலக்கப்பட்டது. இவ்விலக்கு ‘தபு’ எனப்பட்டது. எனினும் பிறப்பால் மட்டும் மனா நிலைத்துவிடவில்லை. போரில் தோற்ற தலைவனும், தன் மக்களைப் பசியில் விட்ட தலைவனும் மனா குன்றியவர்களாகவே கருதப்பட்டனர். பிறப்புரிமை கொடுத்த இடத்தைச் செயலே நிலைநிறுத்த வேண்டியிருந்தது.

3. சங்கப் பாடல்களில் அணங்கு

அணங்கு பற்றிய அக்கால அறிவைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சுருங்க உணர்த்துகிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என வகுக்கும் அந்நூல், அணங்கை முதலாவதாகவும் விலங்கு, கள்வர், அரசன் ஆகியோரை அடுத்தடுத்தும் வைக்கிறது. காட்டில் திரியும் புலியும் வழிப்பறிக் கள்வனும் எவ்வாறு மெய்யானவையோ, அவ்வாறே அணங்கும் அக்கால மக்களுக்கு மெய்யானது என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

குறிஞ்சித் திணைப் பாடல்களில் வரும் வெறியாட்டு, அணங்கைக் கையாளும் முறைக்கு விரிவான சான்றாகும். காதலால் மெலிந்த மகளின் நோயை முருகனால் வந்த அணங்கு என எண்ணும் தாய், வேலன் என்னும் பூசகனை அழைக்கிறாள். இரவில் களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, குருதி கலந்த தினையைத் தூவி, இசைக்கருவிகள் முழங்க வேலன் ஆடுகிறான். மகளின் நோய்க்கு உண்மைக் காரணம் காதல் என்பதை அறிந்த தோழி, இவ்வழிபாட்டின் பயனின்மையைக் குறிப்பால் உணர்த்துகிறாள். தெய்வ ஆற்றலில் நம்பிக்கை நிறைந்த சமூகமே, எந்த நிகழ்ச்சிக்கு எந்தக் காரணம் பொருந்தும் என்று வினவவும் அறிந்திருந்தது என்பதற்கு இப்பாடல்கள் சான்று பகர்கின்றன.

அரசனோடு தொடர்புடைய பொருள்களில் அணங்கு மிகுதியாகத் தங்கியது. பகை மன்னனின் காவல்மரத்தை வெட்டி வீழ்த்துவதும், அதனால் முரசு செய்வதும் வெற்றியின் நிறைவாகக் கருதப்பட்டன. முரசு நீராட்டப்பட்டது, மாலை சூட்டப்பட்டது, பலியூட்டப்பட்டது. அதற்கெனத் தனிக் கட்டிலும் இருந்தது. நீராட்டுவதற்காக முரசு எடுத்துச் செல்லப்பட்ட நேரத்தில் அக்கட்டில் இன்னது என அறியாது ஏறி உறங்கிய புலவர் மோசிகீரனாரைச் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாமல், அருகில் நின்று கவரி வீசிய செய்தியைப் புறநானூற்றின் 50-ஆம் பாடல் கூறுகிறது. தலைவரின் உடைமையைத் தீண்டியவர் உயிரிழக்கும் தபு மரபோடு இந்நிகழ்ச்சியின் முற்பகுதி ஒத்துள்ளது; பிற்பகுதியோ, விலக்கை மீறியவரிடத்தும் தமிழறிவுக்குரிய மதிப்பை நினைந்து அருளியதால் அரசனின் பெருமை குன்றாது உயர்ந்தது என்று காட்டுகிறது.

அணங்கு பற்றிய தற்கால ஆய்வும் மனா ஆய்வு சென்ற பாதையிலேயே சென்றுள்ளது. 1975-இல் வெளியிட்ட நூலில் ஜார்ஜ் ஹார்ட், பழந்தமிழர் தெய்வத்தன்மையைப் பொருள்களுக்குள் உறையும் ஆபத்தான ஆற்றலாகக் கண்டனர் என்றும், பெண்ணின் கற்பு அவ்வாற்றலின் முதன்மையான உறைவிடம் என்றும், பாணர், பறையர், வேலன் முதலியோர் அதனைக் கட்டுப்படுத்தும் பணியைச் செய்தனர் என்றும் விளக்கினார். கமில் சுவெலபில் 1979-இல் இதனை மறு ஆய்வு செய்தார். வி. எஸ். ராஜம் 1986-இல், சங்க நூல்களில் இச்சொல் வரும் இடங்களைத் தொகுத்து நோக்கி, வருத்துதல், அச்சம், தெய்வம் எனப் பல பொருளில் வழங்கும் சொல்லைப் பெண்ணின் புனித ஆற்றல் என்னும் ஒரே பொருளுக்குள் குறுக்குதல் பொருந்தாது என்று நிறுவினார். ஹார்ட் தொடங்கிய வினா பெருமதிப்புடையது. எனினும் ராஜத்தின் திருத்தம் இன்றியமையாதது. ஃபர்த்தும் கீசிங்கும் மனாவுக்குச் செய்த அதே பணியை ராஜம் அணங்குக்குச் செய்துள்ளார்.

4. துடி: இடம்பெயர்தலும் தங்குதலும்

நூல்களில் நின்றுவிட்ட அணங்கைக் காட்டிலும், வழிபாட்டில் நாள்தோறும் செயல்படும் துடியே இக்கருத்தின் உள்ளமைப்பை நன்கு விளக்கும். ஓரிடத்தில் உள்ள தெய்வ ஆற்றல் மற்றோரிடத்திற்கு எவ்வாறு செல்கிறது என்பது முதல் வினா. தென்மாவட்டங்களில் பிழைப்புக்காகவோ பூசலாலோ ஊர் பெயர்ந்து செல்லும் குடும்பத்தார், தம் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று, குடியேறிய ஊரில் அம்மண்ணை வைத்துப் புதுக்கோயில் எழுப்புவர். இதற்குப் ‘பிடிமண்’ என்று பெயர். பிடிமண் எடுத்ததால் தாய்க்கோயிலின் துடி குறைவதில்லை. கிளைக்கோயிலார் ஆண்டுக்கொருமுறை அல்லது முக்கிய விழாக்களில் தாய்க்கோயிலுக்கு வந்து கடன் செலுத்தும் வரை இரண்டிலும் தெய்வம் உறைகிறது. பாலினேசியாவின் ராயாத்தேயா தீவில் உள்ள தபுதபுவாத்தேயா என்னும் புனிதத் திடலிலிருந்து கல் ஒன்றை எடுத்துச் சென்று, பிற தீவுகளில் புதிய திடல்களை நிறுவிய மரபு இதனோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துள்ளது. 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அத்திடல், பெருங்கடலில் பல நூறு கல் தொலைவு பிரிந்த மக்களை ஒரே உறவுக்குள் பிணைத்து வைத்திருந்தது. இரண்டு மரபுகளிலும் மண்ணும் கல்லும் ஆற்றலின் கொள்கலன் மட்டுமல்ல, உறவின் சான்றும் ஆகும்.

அடுத்த வினா, ஆற்றல் எவ்வளவு காலம் தங்குகிறது என்பது. மதுரை வட்டாரத்தின் முத்தாலம்மன் திருவிழா இதற்குத் தெளிவான விடை தருகிறது. வேளார் என்னும் மட்பாண்டக் கலைஞர்கள் களிமண்ணால் அம்மனின் உருவைச் செய்கின்றனர். அது சூளையில் இருக்கும் வரை மண்ணுருவமே. கண் திறக்கும் சடங்கு நிறைவேறிய கணம் முதல் அது அம்மன். ஊர் கூடி வணங்குகிறது, நேர்த்திக்கடன் செலுத்துகிறது, சப்பரத்தில் எடுத்துச் செல்கிறது. திருவிழா முடிந்ததும் அவ்வுருவம் மீண்டும் மண்ணோடு சேர்க்கப்படுகிறது. அய்யனார் கோயில் புரவியெடுப்பிலும் ஊரார் முறைப்படி பிடிமண் கொடுத்த பின்னரே வேளார் குதிரைகளைச் செய்யத் தொடங்குவர். ஊரின் மண், வேளாரின் கை, ஊராரின் நோன்பு ஆகிய மூன்றும் கூடும் பொழுதில் ஆற்றல் தோன்றுகிறது. அக்கூட்டுறவு கலையும்போது அது விடைபெறுகிறது. உருவம் அழிவதைத் தெய்வத்தின் அழிவாக எவரும் கருதுவதில்லை.

ஆகமக் கோயில்களிலும் இக்கருத்து வேறு வடிவில் நிலவுகிறது. திருப்பணி தொடங்கும் முன், மூலவரின் ஆற்றலைக் கும்பநீருக்கு இறக்கி இளங்கோயிலில் வைத்து வழிபடும் சடங்குக்குக் ‘கலாகர்ஷணம்’ என்று பெயர். திருப்பணி முடிந்தபின் குடமுழுக்கில் அவ்வாற்றல் மீண்டும் திருவுருவில் சேர்க்கப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்த வேண்டும் என்னும் வழக்கம், கருங்கல்லில் செய்த திருவுருவமும் இடையறாத பேணுதலை வேண்டி நிற்கிறது என்பதை உணர்த்துகிறது.

பிறன்மலைக் கள்ளர் வாழும் உசிலம்பட்டிப் பகுதியில் தெய்வத்தின் ஆடை, அணி, கருவிகளைக் கொண்ட பெட்டியே வழிபடப்படுகிறது. மகாசிவராத்திரியை ஒட்டி, உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப்பெட்டிகள் பெருந்திரளோடு சுமந்து செல்லப்படுகின்றன. இம்மக்களின் உறவுமுறையையும் வழிபாட்டையும் பற்றிப் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் எழுதி 1957-இல் வெளியிட்ட நூல், தமிழகத்தைப் பற்றிய இனவரைவியல் நூல்களில் தலையாய ஒன்று. பெட்டியைச் சுமக்கும் உரிமை, முன்னே நடக்கும் உரிமை, திருநீறு பெறும் வரிசை ஆகியவை கரைகள் எனப்படும் வழிபாட்டுரிமைப் பிரிவுகளுக்கும் பங்காளிகளுக்கும் இடையே வகுக்கப்பட்டிருப்பதால், பெட்டியின் ஆற்றலைப் பற்றிப் பேசுவது அம்மக்களின் உறவுகளைப் பற்றிப் பேசுவதாகவே அமைகிறது.

தெய்வ ஆற்றலைத் திருட முடியுமா என்னும் வினாவுக்கு அழகர்கோயிலின் மரபுக்கதை விடை கூறுகிறது. மலையாள நாட்டிலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் ஆற்றலைக் கவர்ந்து செல்ல முயன்றனர் என்றும், அவர்கள் பிடிபட்டுப் பதினெட்டுப் படிகளின் கீழ்ப் புதைக்கப்பட்டனர் என்றும், அவர்களோடு வந்த கருப்பசாமி அழகரின் அழகில் ஈடுபட்டு அங்கேயே காவல் தெய்வமாக நின்றுவிட்டார் என்றும் அக்கதை சொல்கிறது. பதினெட்டாம்படிக் கருப்பருக்கு இங்கு உருவம் இல்லை. சந்தனம் பூசிய பெரும் கதவே வழிபடப்படுகிறது. கொடுக்கல் வாங்கல் தகராறும் நிலத் தகராறும் அக்கதவின் முன் சத்தியம் செய்து தீர்க்கப்பட்டு வந்துள்ளன. பொய்ச்சத்தியம் செய்தவரைக் கருப்பர் விடமாட்டார் என்னும் அச்சம், ஏட்டில் எழுதாத ஒப்பந்தங்களுக்கும் உறுதி தந்தது. சமூக உறவோடு இக்கோயில் கொண்ட பிணைப்பை முழுமையாக ஆராய்ந்தவர் தொ. பரமசிவன். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்ட அவருடைய ‘அழகர் கோயில்’ என்னும் நூல், ஒரு பெருங்கோயிலை அதனைச் சூழ்ந்த கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் ஆகிய மக்களின் கண்ணோட்டத்திலிருந்து நோக்கிய முன்னோடி ஆய்வாகும்.

சமயநல்லூருக்கு அண்மையிலுள்ள தேனூரும் இவ்வாய்வில் இடம்பெறத் தக்கது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நிகழ்ச்சி முன்பு தேனூரிலேயே நடைபெற்றது என்றும், திருமலை நாயக்கர் காலத்தில் அது மதுரைக்கு மாற்றப்பட்டது என்றும் மரபு கூறுகிறது. விழா இடம் மாறிய பின்னும் தேனூரின் உரிமை முற்றிலும் நீங்கிவிடவில்லை. வண்டியூருக்கு அருகே வைகையில் மண்டூக முனிவருக்கு அழகர் அருளும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே வழங்குகிறது. இறங்கும் துறை மாறலாம். பழைய உறவுக்குரிய மரியாதை தொடர வேண்டும் என்பதே அம்மண்டபம் நிலைநாட்டும் நெறி.

5. வெம்மையும் குளிர்த்தியும்

துடி மிகுந்த தெய்வத்திற்கு உக்கிரம் உண்டு. உக்கிரத்திற்குக் குளிர்ச்சி வேண்டும். வேப்பிலை, மஞ்சள் நீர், கூழ், பானகம், எலுமிச்சை, இளநீர் ஆகிய பொருள்கள் அம்மன் வழிபாட்டில் பெறும் இடத்திற்கு இதுவே காரணம். கோடைக் கொதிப்பும் அம்மை நோயும் ஒருங்கே வரும் பருவத்தில், வெம்மையைத் தணித்து மழையை அழைக்கும் நோன்பாக ஊர்த் திருவிழா அமைகிறது. காப்புக் கட்டிய நாள் முதல் ஊரார் வெளியூரில் தங்குவதைத் தவிர்ப்பதும், பெண்கள் முளைப்பாரியை இருட்டறையில் வைத்து நீர் தெளித்து வளர்ப்பதும், அது செழித்து வளர்ந்தால் அவ்வாண்டு வெள்ளாமை செழிக்கும் எனக் கொள்வதும் ஒரே நோன்பின் கூறுகள். காட்ரிங்டன் எழுதிய கல்லின் மனா வள்ளிக்கிழங்கில் வெளிப்பட்டது போல, அம்மனின் துடி முளைப்பாரியில் வெளிப்படுகிறது. நியூசிலாந்தின் மவோரி மக்கள் ‘மவுரி’ என்னும் உயிராற்றலை உறையச் செய்த கல்லை வனத்திலும் மீன்பிடி நீரிலும் மறைத்து வைத்து, அது காக்கப்படும் வரை பறவையும் மீனும் நீங்கா என்று நம்பியதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

வெம்மையும் குளிர்ச்சியும் பற்றிய இக்கருத்தின் மாபெரும் இலக்கிய வடிவம் சிலப்பதிகாரம். கண்ணகியின் சினத்தால் மதுரை எரிகிறது. ஆயினும் அத்தீ அவளுடைய உடலில் உறைந்த ஆற்றல் தானே வெடித்ததன்று. ஆராயாது கொலைத் தண்டனை விதித்த பாண்டியன் நெடுஞ்செழியன் அரசனுக்குரிய கடமையில் தவறியதால் எழுந்தது. தன் பிழையை உணர்ந்த கணத்திலேயே அவன் உயிர் நீங்குகிறது. அதன்பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது என்றும், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பலியும் விழாவும் நடத்திய பின்னரே மழை பெய்தது என்றும் அக்காப்பியத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. அப்பலி ஆயிரம் பொற்கொல்லரின் உயிர் என்று கூறப்படுவதையும் மறைக்கலாகாது. ஒருவர் செய்த பிழைக்காக ஒரு தொழிலினத்தையே பலியாக்கும் கொடுமையும் இக்கருத்துலகத்தின் உள்ளே இருந்தது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி மாதத்தில் நடைபெறும் கண்ணகி அம்மன் சடங்கின் நிறைவு ‘குளுர்த்தி’ எனப்படுகிறது. மதுரையை எரித்த சினத்தைத் தணித்துக் குளிரச் செய்யும் அச்சடங்கு, மதுரையிலிருந்து கடல் கடந்து வாழும் தமிழரிடத்தில் உயிர்ப்போடு நிலைபெற்றுள்ளது. மதுரையிலோ சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகியின் சிலை வழிபடப்படுகிறது.

6. விலக்கும் தீட்டும்

தெய்வ ஆற்றலைப் பற்றிய ஆய்வு அதன் இருண்ட பக்கத்தை விலக்கிவிட்டுப் பேசினால் நேர்மையற்றதாகும். ஆற்றலைக் காப்பதற்கென்று தோன்றிய விலக்கு, மனிதரை மனிதர் ஒதுக்கும் கருவியாக மாறிய வரலாறு பசிபிக்கிலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு. ஹவாயில் ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து உண்பது விலக்கப்பட்டிருந்தது. பல உணவுகள் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. மீறியோருக்கு மரணமும் தண்டனையாகலாம். முதலாம் கமேகமேகா 1819-இல் இறந்தபின், அவருடைய மனைவியரான காகுமனு, கியோபுவோலானி ஆகியோரின் தூண்டுதலால், புதிய அரசன் லிகோலிகோ பெண்களோடு அமர்ந்து உண்டு அவ்விலக்கு முறையை முடிவுக்குக் கொண்டுவந்தான். கிறித்தவ மறைப்பணியாளர்கள் அத்தீவுகளுக்கு வந்தது அடுத்த ஆண்டில்தான். விலக்கை உடைத்தவர்கள் அம்மக்களே.

தமிழகத்தில் தீட்டு என்னும் கருத்து சாதியோடு பிணைந்து, தெய்வத்திற்குப் பறை முழக்கியவரையும் காவல் செய்தவரையும் கோயிலின் வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை அ. வைத்தியநாத ஐயரின் தலைமையில், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தினரும் நாடார் சமூகத்தவர் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். கோயில் தீட்டுப்பட்டது என்று கூறிய பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தனர். எதிர்ப்பாளர்கள் வேறிடத்தில் வழிபாட்டை நடத்தினர். நுழைவுக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 1947-இல் இன்னும் விரிவான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. ஆற்றல் தீண்டுதலால் அழியும் பொருளாக இருந்திருப்பின் மீனாட்சியின் வழிபாடு அன்றோடு குன்றியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, ஆண்டுதோறும் சித்திரையில் அவளுக்கு முடிசூட்டிச் செங்கோல் வழங்கும் பட்டாபிஷேகத்தையும் திருக்கல்யாணத்தையும் காண எல்லாச் சாதியினரும் திரள்கின்றனர். தெய்வத்தின் ஆற்றல் எதனால் நீங்கும், எதனால் நீங்காது என்னும் பழைய வினாவுக்கு மதுரை மண் கண்கூடாகத் தந்த விடை இது.

7. முடிவுரை

இதுவரை நோக்கிய சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மனாவைப் போலவே துடியும் பலிப்பால் அறியப்படுவது; மழை, விளைச்சல், நோய் நீக்கம், பொய்ச்சத்தியத்திற்குக் கிடைக்கும் தண்டனை ஆகியவற்றிலிருந்து பிரித்து அதனை ஒரு தனிப்பொருளாகக் காட்ட முடியாது. இரண்டாவது, அது பேணப்பட வேண்டியது. பிடிமண், கண் திறப்பு, குடமுழுக்கு, பெட்டியெடுப்பு, குளுர்த்தி ஆகிய அனைத்தும், கடமை தவறாத மக்களின் கூட்டுறவில்தான் தெய்வம் உறையும் என்னும் ஒரே நெறியின் வெவ்வேறு வடிவங்கள். மூன்றாவது, அது நீங்குவதற்குக் காரணம் முறைகேடும் புறக்கணிப்புமே ஆகும். மனிதரின் பிறப்பும் தீண்டுதலும் அதற்குக் காரணமாகா. அணங்கைப் பெண்ணுடலுக்குள் அடைக்கும் ஆய்வும், துடியைத் தீட்டுக்குள் அடைக்கும் வழக்கமும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் உறவில் விளைவதைப் பொருளுக்குள் தேடுகின்றன.

இக்கருத்துலகம் பற்றிய முதன்மைச் சான்றுகள் கல்வெட்டிலும் ஏட்டிலும் இருப்பதைவிட மிகுதியாக மனிதரின் நினைவிலேயே உள்ளன. பிடிமண் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சென்றது, எந்தக் கரைக்கு எந்த மரியாதை உரியது, குறி சொல்லும் கோடாங்கி எந்தத் தெய்வத்தை எந்தப் பாட்டால் அழைப்பார், வேளார் கண் திறக்கும் முன் என்ன நோன்பு காப்பார் என்பவற்றை முழுமையாக அறிந்தோர் முதியோரே. மதுரைப் பகுதியின் கல்லூரிகளில் தமிழும் நாட்டார் வழக்காற்றியலும் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் தம் சொந்த ஊரின் ஒரு கோயிலையாவது எடுத்துக்கொண்டு, அதன் வழிபாட்டையும் உரிமை முறையையும், அதில் ஒதுக்கப்பட்டோரின் வாய்மொழியையும் விடாமல், ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் பதிவு செய்தல் வேண்டும். ஃபர்த் ஒரு சிறு தீவில் தங்கிக் கேட்டு எழுதியதால் மனா பற்றிய உலக அறிவு திருந்தியது. தமிழரின் தெய்வ ஆற்றல் பற்றிய அறிவும் ஊர் ஊராகக் கேட்டு எழுதும் அத்தகைய உழைப்பினாலேயே திருந்தும். அப்பணியை வைகைக் கரையின் இளைய ஆய்வாளர்கள் இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டும்.